ஆர்மோனியமும் ஓட்டுப்பெட்டியும்

1958ஆம் ஆண்டு மே மாதம். கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். மூணாறு மலைச்சரிவெங்கும் தேயிலைத் தோட்டங்கள். லயங்களில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பகலெல்லாம் கொழுந்து கிள்ளி, கூடையை எடைபோட்டு இறக்கிவிட்டு, அலுத்துப்போய் லயத்துக்குத் திரும்பியவர்களைப் பொழுது சாய்ந்ததும் ஒரு குரல் மறுபடி வெளியே இழுத்துவந்தது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பண்ணைப்புரத்திலிருந்து போயிருந்த பாவலர் வரதராசனின் குரல் அது. கையில் ஆர்மோனியம், பக்கத்தில் தாளத்துக்கு ஆள், வாயில் கம்யூனிஸ்டு கட்சிப் பாட்டு.

அந்த ஒரு தொகுதிக்காகக் கட்சி ஏன் இத்தனை பாடுபட வேண்டும்? காரணம் எளிய கணக்கு. 1957இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கட்சிக்கு 126 இடங்களில் கிடைத்தவை 60. ஐந்து சுயேச்சைகளின் தயவில்தான் அமைச்சரவை ஓடிக்கொண்டிருந்தது. தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூசின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிரணி வேட்பாளரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி தவறாகத் தள்ளுபடி செய்துவிட்டார் என்பதே வழக்கு. மறுபடி மக்களிடம் போக வேண்டிய கட்டாயம். வேட்பாளரோ மலையாளி, வாக்காளர்களோ தமிழ்த் தொழிலாளர்கள். மலையாள மேடைப்பேச்சு அங்கே எடுபடாது. ஆகவே பாவலரை அழைத்தார்கள். ரோசம்மா மறுபடி வென்றார். வெற்றி பாவலருடையது என்று இ.எம்.எஸ்.ஸே சொன்னதாக இன்றும் சொல்லப்படுகிறது.

அந்தக் குழுவில் பாவலரின் தம்பி ஒருவரும் வந்திருந்தார் என்று மூணாறு பக்கம் பேச்சு உண்டு. பதினைந்து வயது நிரம்பாத அந்தச் சிறுவனின் பெயர் அப்போது ராசய்யா. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 25 அன்று டில்லியில் மாநிலங்களவை உறுப்பினராகத் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்ட இளையராஜாதான் அவர். தோட்டத்து லயத்து மேடைக்கும் நாடாளுமன்ற மேலவைக்கும் இடையே ஒரு குடும்பம் நடந்த இந்தத் தொலைவு, பாட்டுக்காரர்களுக்கும் அரசியலுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பற்றி நிறையச் சொல்கிறது.

நெகிரி செம்பிலான் வாசகருக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் இருக்கும். ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியை நினைத்துப் பாருங்கள். லின்சம் தோட்டம், கொம்போக் தோட்டம் என்று தோட்டப் பெயர்களாலேயே அறியப்படும் வட்டாரம் அது. 2018 ஏப்ரல் 28, வேட்புமனுத் தாக்கல் நாள். கெஅடிலான் கட்சியின் டாக்டர் எஸ். ஸ்ரீராம், நுழைவு அட்டை இல்லை என்று வாசலிலேயே தடுக்கப்பட்டார். அப்போதைய மந்திரி பெசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. வழக்கு நடந்தது, அந்த வெற்றி செல்லாது என்று தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்ய, 2019 ஏப்ரல் 13 அன்று இடைத்தேர்தல். முகமட் ஹசான் 4,510 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மனுத் தாக்கலில் சிக்கல், நீதிமன்றம், இடைத்தேர்தல், கடைசியில் முதலில் வென்றவரே மறுபடி வெற்றி என்று இரண்டு ஊர்க் கதைகளும் ஒரே வரிசையில் போகின்றன. ஒரே ஒரு வேறுபாடு: ரந்தாவில் ஒரு பாவலர் இல்லை.

ஏன் இல்லை? நம் தோட்டங்களில் பாடத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? மாரியம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாடியவர்கள், பஜனைக் கோஷ்டிக்காரர்கள், உருமிக்காரர்கள், நாடகம் போட்டவர்கள் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் இருந்தது. விடை பாட்டில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

தேவிகுளத்தில் பாவலர் கட்சிப் பாட்டைத் தொண்டை திறந்து பாடிக்கொண்டிருந்தபோது, மலாயாவில் அவசரகாலம். 1948 ஜூனில் பிறப்பிக்கப்பட்டு 1960 ஜூலை வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. கம்யூனிஸ்டு கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள். இரவில் கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்கு இடம் தரும் காரியம். அதோடு தோட்டம் என்பது கம்பெனி நிலம். வெளியாள் உள்ளே வந்து மேடை போட வேண்டுமென்றால் துரையின் அனுமதி வேண்டும். பெரட்டுக்களத்தில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கூலி உயர்வு கேட்டுப் பாடியிருந்தால், பாட்டு முடியும்வரைகூடப் பாடகர் அங்கே நின்றிருக்க மாட்டார்.

அதனால் இங்கே தோட்டத்து அரசியல் பாட்டு வழியாக வளரவில்லை. சங்கத்தின் வழியாக வளர்ந்தது. நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அதன் பொதுச் செயலாளரானார். சம்பள ஒப்பந்தம், ரப்பர் விலைக்கேற்ற கூலி, எடைக் கணக்கு என்று மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசும் அரசியல் அது. பேசத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவர் தலைவராக முடிந்தது. பாடத் தெரிந்தவருக்குத் திருவிழா மேடைதான்.

ஆனால் அரசியல் பாட்டு தோட்டத்துக்குள் வராமல் இல்லை. அது தமிழ்நாட்டிலிருந்து இசைத்தட்டில் வந்தது.

பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியிலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயா முழுக்கப் பரவியது. அதன் மேடைகளில் பாட்டுப்போட்டியும் பேச்சுப்போட்டியும் நடந்தன. இந்தக் காற்றோடு சேர்ந்து வந்த குரல்களில் ஒன்று நாகூர் இ.எம். ஹனிபாவுடையது. ஒலிபெருக்கி இல்லாமலே ஊர்க்கோடிக்குக் கேட்கும் வெண்கலக் குரல். இந்த மாநிலத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரைக் கேட்டாலும், முஸ்லிமோ இந்துவோ கிறிஸ்தவரோ, அவருடைய பக்திப் பாடல் ஒன்றையாவது முணுமுணுப்பார். அவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நேரில் வந்து கச்சேரிகளும் செய்திருக்கிறார்.

அந்த ஹனிபா கட்சிக்காரர் என்பது பலருக்குத் தெரியும். எவ்வளவு ஆழமான கட்சிக்காரர் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1925 டிசம்பரில் பிறந்தவர், மீசை முளைக்கும் முன்பே சுயமரியாதை இயக்க மேடைகளில் பாடத் தொடங்கினார். 1949இல் தி.மு.க. பிறந்தபோது அண்ணாவோடு வந்தார். கட்சி மாநாட்டுக்குக் கூட்டம் சேர்ப்பதில் பேச்சாளருக்கு இணையாக அவர் பெயரும் சுவரொட்டியில் இருக்கும். தலைவர் மேடைக்கு வரத் தாமதமானால் கூட்டம் கலையாமல் பிடித்துவைப்பதும் அவர் குரல்தான். அண்ணாவைப் பற்றிய ஒரு பாட்டைப் பதிவுசெய்ய இசைத்தட்டு நிறுவனம் முதலில் தயங்கியதாகவும், அவர் பிடிவாதம் பிடித்துப் பதிவாக்கியதாகவும், பிறகு அது சக்கைப்போடு போட்டதாகவும் கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இத்தனை பாடியவருக்குக் கட்சி என்ன கொடுத்தது? 1957இல் நாகப்பட்டினத்தில் நின்றார், தோற்றார். பிறகு சட்ட மேலவை உறுப்பினரானார். அந்த மேலவையோ 1986 நவம்பரில் கலைக்கப்பட்டது. வக்ஃபு வாரியத் தலைவர் பதவி கிடைத்தது. 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் 76 வயதில் மறுபடி களத்தில் இறக்கிவிடப்பட்டார். அ.தி.மு.க. ஆட்சியில் இருந்த நேரம், அங்கும் தோல்வி. 2015 ஏப்ரல் 8 அன்று இறந்தபோது, அறுபது ஆண்டுக்கு மேல் கட்சி மேடையில் பாடிய அவருக்கு மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒரு சட்டமன்ற நாற்காலிகூட வாய்த்திருக்கவில்லை. அவர் பாட்டைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை லட்சமோ. அந்த ஓட்டெல்லாம் வேறு பெயர்களுக்குப் போனது.

இது ஹனிபாவோடு தொடங்கிய வழக்கமும் அல்ல. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடியவர். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு கொடிகட்டிப் பறந்தார். 1933இல் கிட்டப்பா இளம்வயதில் இறந்த பிறகு வெள்ளைப் புடவையோடு வாழ்ந்தார். சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். மைக் வசதி எல்லா ஊருக்கும் எட்டாத காலத்தில் அவர் மேடையேறினால் வயல்வெளியில் நிற்பவருக்கும் கேட்கும். சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் சென்னை மாநிலச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். இந்தியாவில் சட்டமன்ற அவை ஒன்றுக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். அவருக்கும் கிடைத்தது மேலவை நியமனம்தான்.

அவருக்கு முந்திய தலைமுறையில் நாடக நடிகர் விசுவநாததாஸ். முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்து வெள்ளைக்கார ஆட்சிக்கு எதிராகப் பாடுவார். மேடைக்குக் கீழே போலீஸ் காத்திருக்கும். பலமுறை சிறை. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் அதே வேடத்தில், மேடையிலேயே உயிர் போனது. சுதந்திர இந்தியா தரக்கூடிய எந்தப் பதவியையும் பார்க்க அவர் இருக்கவில்லை.

பாவலரிடம் திரும்புவோம். அவர் பாட்டு ஏன் அப்படி வேலைசெய்தது என்று பார்த்தால், அதில் நுணுக்கமான ஒரு தொழில் இருந்தது தெரியும். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டை எடுத்துக்கொள்வார்; சினிமாப் பாட்டாகவும் இருக்கலாம், கும்மியாகவும் இருக்கலாம். சந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவார். அன்று காலையில் நடந்த சங்கதி, அந்தத் தோட்டத்துக் குறை, எதிர்க்கட்சிக்காரர் முந்தின நாள் பேசிய பேச்சு எல்லாம் ராத்திரிக்குள் பாட்டாகிவிடும். கேட்பவருக்கு மெட்டு பழக்கமானது என்பதால் பல்லவி இரண்டாம் முறை வரும்போதே கூட்டமும் சேர்ந்து பாடும். எழுத்தறியாதவருக்கும் அது மனப்பாடம். துண்டுப் பிரசுரத்தைப் பிடுங்கிக் கிழிக்கலாம். மறுநாள் கொழுந்து கிள்ளும்போது வாயில் ஓடும் பாட்டைக் கங்காணியால் என்ன செய்ய முடியும்?

தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் இந்தப் பள்ளியில்தான் பயின்றார்கள். பெண்குரல் வேண்டிய இடத்தில் சிறுவன் ராசய்யா பாடினார். குரல் உடைந்ததும் ஆர்மோனியத்துக்கு மாறினார். ஒரு மெட்டு எந்த இடத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது, எந்த இடத்தில் கைதட்டல் வருகிறது என்பதைத் தமிழ்நாட்டின் கிராமந்தோறும் கண்ணால் கண்டு கற்றுக்கொண்ட ஆண்டுகள் அவை. அறுபதுகளின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குப் போனார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை என்று படியேறி, 1976இல் அன்னக்கிளி வெளியானபோது ராசய்யா இளையராஜாவாகியிருந்தார். அமர்சிங் கங்கை அமரனானார். அண்ணன் பாவலர் அதைப் பார்க்கவில்லை, 1973இலேயே இறந்துவிட்டார். ஓர் ஆட்சியைக் காப்பாற்றிக் கொடுத்த குரல் என்று புகழப்பட்டவர் எந்தச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்ததில்லை. தம்பிகள் தொடங்கிய படக் கம்பெனிக்கு ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் பெயர் திரையில் வந்தது.

இளையராஜா கட்சி அரசியலிலிருந்து விலகியே இருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள், 2010இல் பத்மபூஷண், 2018இல் பத்மவிபூஷண். எல்லாக் கட்சித் தலைவர்களோடும் மேடையில் நின்றிருக்கிறார். எந்தக் கட்சிக்கொடியையும் தோளில் போட்டுக்கொண்டதில்லை. 2022 ஏப்ரலில் நிலைமை மாறியது. அம்பேத்கரையும் பிரதமர் மோடியையும் ஒப்பிடும் ஆங்கில நூல் ஒன்றுக்கு அவர் எழுதிய முன்னுரை வெளியானது. தமிழ்நாட்டில் பெரும் விவாதம் கிளம்பியது. செங்கொடி மேடையில் வளர்ந்தவர் இப்படி எழுதலாமா என்று ஒரு சாரார் கேட்டார்கள். கருத்துச் சொல்வது கலைஞனின் உரிமை என்றார்கள் மறுசாரார். மூன்று மாதம் கழித்து, ஜூலை 6 அன்று, பி.டி. உஷா, திரைக்கதை ஆசிரியர் விஜயேந்திர பிரசாத், வீரேந்திர ஹெக்டே ஆகியோருடன் அவரும் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்ததால் மற்றவர்களுக்குப் பிறகே உறுதிமொழி எடுத்தார்.

இந்த நியமனம் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்திய அரசமைப்பின் 80ஆம் பிரிவு, இலக்கியம், அறிவியல், கலை, சமூகசேவை ஆகிய துறைகளில் சிறந்தவர்களில் பன்னிரண்டு பேரை மாநிலங்களவைக்கு நியமிக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது. ஆறாண்டுக் காலம். மசோதாக்களில் வாக்களிக்கலாம், துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டும் வாக்கில்லை. ரவிசங்கரும் லதா மங்கேஷ்கரும் இதே வழியில் உள்ளே போனவர்கள். தொகுதி கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கதவைத் தட்ட ஒரு வாக்காளரும் கிடையாது. நம் நாட்டு மேலவையில் அமரும் நியமனச் செனட்டர் பதவியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வாசகருக்கு எளிதாகப் புரியும்.

தம்பி கங்கை அமரன் கொஞ்சம் துணிந்து களத்தில் இறங்கினார். ஜெயலலிதா இறந்த பிறகு சென்னை ஆர்.கே. நகர் தொகுதிக்கு 2017 ஏப்ரல் 12 அன்று இடைத்தேர்தல் என்று அறிவிக்கப்பட்டபோது, பா.ஜ.க. வேட்பாளர் அவர்தான். வீதி வீதியாக ஓட்டுக் கேட்டார். ஆனால் வாக்காளர்களுக்குப் பணம் பட்டுவாடா நடந்ததாகக் கிளம்பிய புகாரில் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்துசெய்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் தேர்தல் நடந்தபோது கட்சி வேறு ஒருவரை நிறுத்தியது. இந்த வீட்டிலிருந்து ஒருவர் கம்யூனிஸ்டு மேடையிலும், ஒருவர் பா.ஜ.க. வேட்பாளராகவும், ஒருவர் நியமன உறுப்பினராகவும் அரசியலைத் தொட்டிருக்கிறார்கள். மூவரில் எவரும் வாக்கு எண்ணிக்கையில் வென்று பதவிக்கு வந்தவர் அல்லர்.

வெளியுலகில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. லிதுவேனியாவில் 1988இல் சோவியத் ஆட்சிக்கு எதிரான இயக்கத்துக்குத் தலைமை ஏற்றவர் வித்தவுதாஸ் லாண்ட்ஸ்பெர்கிஸ். பியானோ கலைஞர், இசையியல் பேராசிரியர். பால்டிக் நாடுகளில் மக்கள் திரண்டு பாடியே போராடியதால் அந்த எழுச்சிக்குப் பாடும் புரட்சி என்று பெயர். 1990 மார்ச் 11 அன்று அந்நாடு விடுதலையை அறிவித்தபோது அவர்தான் நாடாளுமன்றத் தலைவர். பின்னர் பத்தாண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் இருந்தார். பாட்டும் பதவியும் அங்கே ஒரே ஆளிடம் சேர்ந்தன. ஆனால் அது ஒரு நாடே பிறக்கும் தருணம். எல்லா ஊருக்கும் எல்லா நாளும் வாய்ப்பதில்லை.

நமக்குப் பாடமாகக்கூடியது பிரேசிலின் ஜில்பர்ட்டோ ஜில் கதை. இராணுவ ஆட்சியால் சிறைப்பட்டு, லண்டனுக்கு நாடுகடத்தப்பட்டு, திரும்பிவந்து புகழின் உச்சியில் இருந்த பாடகர். அவர் நேரே அமைச்சராகவில்லை. முதலில் தம் சொந்த ஊரான சால்வடோரில் நகராட்சியின் பண்பாட்டு நிறுவனத்தைக் கவனித்தார். 1988இல் நகரமன்றத் தேர்தலில் நின்று வென்றார். கடற்கரைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்று உள்ளூர்ப் பிரச்சினைகளில் உழைத்தார். மேயராக ஆசைப்பட்டும் கட்சி இடம் தரவில்லை. 2003இல் அதிபர் லூலா அவரைப் பண்பாட்டு அமைச்சராக்கினார். அமைச்சர் சம்பளம் போதாது, கச்சேரியும் செய்வேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே பதவியேற்றார். ஏழை வட்டாரங்களில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கலைக்குழுக்களுக்கு அரசு நிதி நேராகப் போய்ச் சேரும்படி ஒரு திட்டம் கொண்டுவந்தார். 2008வரை பதவியில் இருந்தார். குப்பை, சாக்கடை, பட்ஜெட் என்று நகரமன்றத்தில் கழித்த அந்த ஆண்டுகள் இல்லாமல் இது நடந்திருக்குமா என்பது கேள்வி.

இந்த முதல் படி நம் நாட்டில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. சிரம்பான் நகரமன்றத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நிர்வாகச் சீர்கேடு என்று புகார் எழுந்த மன்றங்களின் பட்டியலில் சிரம்பானும் இருந்தது. இதையெல்லாம் விசாரிக்க அரச ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் அத்தி நாகப்பன். தேர்தல் தொடர வேண்டும் என்று அவர் குழு பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிரந்தரமாக்கியது. பினாங்கு மாநிலம் மறுபடி தேர்தல் நடத்த முயன்று தொடுத்த வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. இன்று சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் ஜெம்போலிலும் நகராட்சி உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. ஆளும் கட்சிகள் பங்கு போட்டுக்கொள்ளும் இடங்கள் அவை.

விளைவு என்ன? தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த ஒரு பாடகரோ, உருமிக் குழுத் தலைவரோ, தம் வட்டாரத்துத் தெருவிளக்குக்காகவும் மயானத்துக்காகவும் தேர்தலில் நின்று பழகிக்கொள்ள வழியில்லை. நேரே சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோதான் குதிக்க வேண்டும். அதற்குக் கட்சி இடம் கொடுக்க வேண்டும். கட்சி இடம் கொடுப்பது பெரும்பாலும் கிளைத் தலைவர்களுக்கு, வழக்கறிஞர்களுக்கு, தொழிலதிபர்களுக்கு.

ஒரு பாடகிக்கு இடம் கிடைத்த சம்பவம் இதே மாநிலத்தில் நடந்தது. நியூசிலாந்தில் ‘தி ஃபேன் கிளப்’ இசைக்குழுவின் முன்னணிப் பாடகியாக இருந்து புகழ்பெற்ற ஆயிஷா, 2013 பொதுத் தேர்தலில் பாஸ் கட்சி வேட்பாளராக ஜெம்போல் நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார். பகாவ், ஜெராம் பாடாங் என்று தோட்டங்களும் நிலக்குடியேற்றத் திட்டங்களும் நிறைந்த தொகுதி அது. எதிரே நின்றவரோ இருபது ஆண்டுக்கு மேல் மந்திரி பெசாராக இருந்த ஈசா சமாட். பாடகியைப் பார்க்கக் கூட்டம் வந்தது. நாற்காலி ஈசா சமாட்டுக்குப் போனது. தொகுதியில் வேர்விட்ட பழைய அரசியல்வாதியை ஒரு பிரசார காலத்தில் அசைப்பது எந்தக் குரலுக்கும் கடினம்.

தோட்டங்களின் நிலையும் மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களில் இப்போது வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். மாநிலத்தில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வருவது தாமான் வீடுகளிலிருந்து. தமிழ் வாக்காளர் ஒரே லயத்தில் இல்லாமல் பல தொகுதிகளில் சிதறியிருப்பதால், பத்து சதவிகிதம், இருபது சதவிகிதம் என்று இழுபறித் தொகுதிகளில் மட்டும் அவர்களைத் தேடி வருகிறார்கள். பிரசாரத்தில் தமிழ்ப் பாட்டு அப்போதும் உண்டு. வேட்பாளர் எந்த இனத்தவரானாலும் ரஜினி, எம்.ஜி.ஆர். படப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு வண்டி வருகிறது. சில வேட்பாளர்கள் தாங்களே இரண்டு வரி பாடி டிக்டாக்கில் போடுகிறார்கள். அந்தத் தொகுதியின் சங்கதியைப் புதுச் சொல்லாகக் கட்டி மெட்டில் பொருத்துகிற வேலைதான் காணோம்.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் இல்லாமலில்லை. மலேசியத் தமிழ் இளைஞர்களின் ராப் பாட்டு தமிழ்நாட்டுத் திரையுலகையே தன் பக்கம் திருப்பியிருக்கிறது. அதில் எஸ்டேட் வாழ்க்கையும் வேலையில்லாத் திண்டாட்டமும் பேசப்படுகின்றன. திருவிழாவுக்கு உருமி அடிக்கும் குழுக்கள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. இவர்களில் ஒருவரை நகராட்சி உறுப்பினராக நியமிக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கட்சிகளின் பட்டியலில் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். டில்லியில் இளையராஜாவின் ஆறாண்டுக் காலம் 2028 ஜூலையில் முடிகிறது. 2023 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட நெகிரி செம்பிலான் சட்டமன்றமும் ஐந்தாண்டு முழுதாக ஓடினால் அதே ஆண்டில்தான் கலையும். அடுத்த வேட்பாளர் பட்டியலில் இடம் கேட்கிற பாட்டுக்காரர் யாராவது இருந்தால், கிளைக் கூட்டத்தில் இப்போதே போய் உட்கார வேண்டும்.